ஏசியில் வைத்த கிடார்

போன மாதம் மருமகன் புதுக் கார் வாங்கினான். மாமனாரைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமாம். கடற்கரையை அல்ல, காரை. மே மாத வெயிலுக்கு ஏசியை முழுக்கத் திறந்துவிட்டு, நாகர்கோவிலிலிருந்து எங்கள் கரை வரைக்கும் என்னை ஐஸ் பெட்டியில் வைத்த மீனாகக் கொண்டுவந்து சேர்த்தான். கதவைத் திறந்து மணலில் கால் வைத்ததுதான் தாமதம், மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. கடல் இல்லை, கார் இல்லை, மருமகனும் இல்லை.

"இஞ்சேருங்க, கண்ணாடியத் தொடச்சிட்டு நடங்க. கல்லு கெடக்கு" என்றாள் மனைவி.

நான் துடைக்கவில்லை. அந்த வெள்ளைக்குள் நின்றபோது நனைந்த இரும்புக் கம்பியின் வாடை மூக்கில் ஏறியது. கடற்கரையில் மீன் வாடை வரலாம், தார் வாடை வரலாம், இந்த வாடைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் வந்தது, கூடவே ஒரு பழைய பயத்தையும் கொண்டுவந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பயம் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது, பாருங்கள்.

வளைகுடாவில், புஜைராவில் இருந்தவர்களுக்கு இந்தக் கண்ணாடி விவகாரம் தெரியும். செப்டம்பர் மாதம் அறையைவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரத்துக்குக் குருடன்தான். தொழிலாளர் கேம்ப் வாசலில் காலையில் பத்துப் பதினைந்து பேர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ அந்தோணியார் வந்து பார்வை கொடுப்பார் என்பதுபோல் நின்றுகொண்டிருப்போம். வெளியே அப்படி வேகுவதால் உள்ளே ஏசிதான் எங்களுக்குத் தெய்வம். எது உசத்தியோ அதை ஏசி அறையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோர் மண்டையிலும் ஊறிய சட்டம். ஊரிலிருந்து வந்த அல்வா ஏசியில், மாமியார் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஏசியில், கல்யாண ஆல்பம் ஏசியில். பாஸ்போர்ட்டையும் வைத்திருப்போம், அது எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் கையில் இருந்ததால் அவருடைய ஏசியில் இருந்தது.

எனக்கு எண்ணெய்த் தொட்டிகளில் வேலை. துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள். அவற்றைக் காலி செய்து கழுவிய பிறகு உள்ளே போய்த் தகட்டின் கனத்தைச் சோதிக்கிற டெக்னீசியன் நான். காலித் தொட்டிக்குள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், அந்தச் சத்தம் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடி, கூரைக்குப் போய், நாம் மறந்த பிறகு தலையில் வந்து இறங்கும். இருமினால்கூட நாலு பேர் இருமுவார்கள். எங்கள் கோயில் பாடற்குழுவில் கிறிஸ்மஸ் இரவுகளுக்குக் கிடார் வாசித்தவன் நான். இந்த எதிரொலியில் ஒரு ஸ்தாயி பாடிப் பார்க்காமல் இருக்க முடியுமா? சேஃப்டி ஆபீசர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாடுவேன்.

அப்படிப் பாடிக்கொண்டிருந்த ஒரு மதியம் தொட்டியின் மறுபக்கத்திலிருந்து தாளம் வந்தது. திகைத்துப் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவன், இரண்டு பிரஷ்களைத் தலைகீழாகப் பிடித்துச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். சும்மா அடிக்கவில்லை. எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, அது வரும்போது அதன்மேல் அடுத்த அடியை வைத்தான். ஒரே ஆள், கேட்டால் நாலு பேர்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை, படியுங்கோ. நல்லாய்க் கிடக்கு" என்றான். பாடச் சொல்கிறான்.

தவராசா. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கரையூர். கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவோடு போய் டிரம்ஸ் வாசித்தவன். நாங்கள் தவம் என்று கூப்பிடுவோம். எனக்கு அந்த ஊரில் கிடைத்த நட்புகளில் அவன்தான் முதல். அவன் பேச்சில் பாதி முதலில் எனக்குப் புரியவில்லை, என் நாகர்கோவில் தமிழில் முக்கால்வாசி அவனுக்குப் புரியவில்லை. தாளத்தில் சந்தேகமே வரவில்லை.

பிறகு அவனுடைய கம்பெனி மூடிவிட்டது. முதலாளி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. விசாவை கேன்சல் பண்ணிவிட்டார்கள். அடுத்த விசா கிடைப்பதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசம், இல்லையென்றால் விமானம். எங்களில் ஒருத்தனுக்கு இப்படி நேர்ந்தால் அது தலைக்குனிவு, கடன், மச்சினன் முன்னால் அசடு வழிவது, அவ்வளவுதான். தவத்துக்கு அப்படியில்லை. இலங்கையில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த வருஷம் அது. அவன் வயசுப் பையன்கள் ஊருக்குள் இருந்தால் யாராவது ஒரு பக்கத்தார் கொண்டுபோய்விடுவார்கள் என்றான். அவன் அம்மா ஒருநாள் எங்கிருந்தோ போன் பிடித்துப் பேசினார். போனை வைத்ததும் நான் கேட்டேன்.

"அம்மா என்னடே சொன்னாங்க?"

"வராதை எண்டு சொன்னவ. வேற ஒண்டும் சொல்லேல்ல."

அவனை எங்கள் அறையில் ஒளித்து வைத்தோம். அவனுடைய பழைய கேம்பைப் பூட்டிவிட்டார்கள். வெளியாளை அறையில் தங்கவைத்தால் எங்கள் வேலைக்கும் உலை. கதவு தட்டப்படும்போதெல்லாம் அறையில் இருந்த நாலு பேரும் மூச்சை நிறுத்தினோம்.

இந்த நேரத்தில்தான் எட்வின் ஒரு செய்தி கொண்டுவந்தான். எட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பிலிப்பினோ, பேஸ் கிடார் வாசிப்பான், ஆங்கிலமும் இந்தியும் கலந்து சிரித்துக்கொண்டே பேசுவான். கடற்கரையோரம் இருந்த ஒரு ஓட்டலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணலில் உட்கார்ந்து வாசிக்க ஒரு குழு வேண்டுமாம். பிடித்துப்போனால் ஓட்டல் விசாவிலேயே எடுத்துக்கொள்வார்களாம். எட்வினும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இருவரும் தவத்தைப் பார்த்தோம்.

ஓட்டல் மேனேஜர் ஓர் ஆஸ்திரேலியர். இளவயதில் பலகை மேல் ஏறி அலையில் சறுக்கியவராம். புஜைரா கடல் பெரும்பாலும் தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர். அங்கே உட்கார்ந்துகொண்டு மனுஷன் அலைக்கு ஏங்கியிருக்கிறார். அவருக்கு வேண்டியது சர்ஃப் மியூசிக். பாட்டே கிடையாது, கிடார்தான் பேச வேண்டும். ஒரு சிடியைப் போட்டுக் காண்பித்தார். கம்பியின் மேல் கை படபடவென்று ஒரே வேகத்தில் ஓட, சத்தம் உருண்டு உருண்டு வந்து சரிந்தது. கட்டுமரத்தில் அலை முறிக்கிற நேரத்தில் அப்பா முகத்தைப் பார்த்தவன் நான். எனக்கு அது விளையாட்டு இசையாகக் கேட்கவில்லை, உள்ளே ஒரு பதற்றம் இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அந்த எதிரொலி எனக்குத் தெரிந்த எதிரொலி. காலித் தொட்டிக்குள் கேட்பது.

"ஆம்ப்ளிஃபயர் என்னிடம் இருக்கிறது. பழசு, எதிரொலிக்கு உள்ளே நிஜமான ஸ்பிரிங் வைத்தது" என்றார் மேனேஜர். "நீ கிடார் கொண்டு வா. தடித்த குரல் வேண்டாம். மெல்லிசாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பார் இருக்க வேண்டும். சத்தம் ஈரமாக இருக்க வேண்டும்."

பார் என்பது கிடாரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடிக் கம்பி. அதை அழுத்தினால் எல்லாக் கம்பிகளும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி அலையாக நெளியும், விட்டால், பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் இழுக்க, பழைய இடத்துக்கு வர வேண்டும். வர வேண்டும் என்பதுதான் முக்கியம். என்னிடம் இருந்தது கோயிலில் வாசிக்கிற மரக் கிடார். எலெக்ட்ரிக் கிடாரை அதற்கு முன்னால் நான் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததோடு சரி. ஊருக்கு அனுப்பியது போக என்னிடம் மிஞ்சுவதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அறையில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். கிடாரில் சரிகமகூடத் தெரியாத எங்கள் அறைச் சமையல்காரர்கூடப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிதான் எங்களுக்கு இருந்த ஒரே விடுமுறை. எட்வினின் பழைய காரில் மலையைத் தாண்டி ஷார்ஜாவுக்குப் போனோம்.

ஷார்ஜாவில் ஒரு மலையாளியின் இசைக்கருவிக் கடை. உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண்ணில் பட்டது ஒரு சிவப்புக் கிடார். அப்படி ஒரு சிவப்பு! சாந்துப் பொட்டுச் சிவப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கச்சியைப் பார்த்து மயங்குவார்களே, அந்தக் கதை எனக்கு. எடுத்து மடியில் வைத்து, கடைக்காரர் மனசு மாறுவதற்குள் அடிக்கம்பியை மீட்டினேன். கடை அதிர்ந்தது. எனக்குக் குளிர்ந்துபோயிற்று. தவம் கண்ணை மூடிக்கொண்டு, என் கிடாருக்குத் தன் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தான். பாதியில் விட்டுவிட்டான்.

"இது உறுமுது அண்ணை. எங்களுக்கு உறுமுறது வேண்டாம். தண்ணிக்கு மேல ஓட்டுச்சில்லு எறிஞ்சா தத்தித் தத்திப் போகுமே, அந்தச் சத்தம் வேணும்."

"கொஞ்சம் முறுக்கிவிட்டா சரியாயிரும்லே" என்றேன். ஆசை யாரை விட்டது.

"அண்ணை" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சிவப்பை இடத்தில் வைத்தேன். அதன் பிக்கப், கம்பியின் சத்தத்தை வாங்கும் காந்தம், இரட்டைச் சுருள். குரல் தடிமனாகத்தான் வரும் என்று எனக்கும் தெரியும். உயிர் போகிற விஷயத்தில்கூட நிறத்துக்கு மயங்கினேனே என்று பிறகு என்னை நானே வைதுகொண்டேன்.

அதே கடையில் அடுத்தது ஒரு சீனத்து நகல். பையும் தோள்வாரும் இலவசம், எங்கள் கைக்கும் எட்டியது. குரலும் மெலிசுதான். ஒற்றைச் சுருள் பிக்கப், கேட்க மோசமில்லை. பாரை ஒருமுறை அழுத்தி விட்டேன். போன சுருதி போனதுதான், திரும்பவே இல்லை. மறுபடி சேர்த்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே. கடைக்காரர் பெருமூச்சு விட்டு, "சேட்டா, அது சும்மா அழகினு வச்சதா" என்றார், அழகுக்கு வைத்ததாம். நேர்மையான மனுஷன்.

மதியம் தாண்டிவிட்டது. எட்வினுக்கு அஜ்மானில் ஒரு கோவாக்காரரைத் தெரியும். வயசானவர், கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தவர். அன்று இரவு விமானத்தில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்வி. போனோம். வளைகுடாவில் ஒரு குடும்பம் கிளம்புகிற நாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் எல்லாப் பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். குக்கரில், மெத்தையில், குழந்தை ஓட்டிய மூன்றுசக்கர வண்டியில். யார் யாரோ செருப்போடு நடந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டு அம்மாள் ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

கிடார் கட்டில் மேல் இருந்தது. பழைய ஜப்பான் சரக்கு. பழுப்பு வெள்ளை, ஓரங்கள் தேய்ந்து, கடலில் நாள்பட்ட சங்கின் நிறம். எனக்கு முன்னாலேயே ஒரு பாகிஸ்தானி இளைஞன் அதைக் கையில் எடுத்து வைத்திருந்தான். அவனுக்கு அது தேவையா, பொழுதுபோக்கா என்று தெரியவில்லை. அவன் விரல்கள் அதன்மேல் இருந்த ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணிக்கொண்டு நின்றேன். அவன் ஒரு பாட்டை அரைகுறையாக வாசித்தான், போனில் யாரிடமோ பேசினான், திரும்பவும் வாசித்தான். தவம் கதவருகே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த இளைஞன் கிடாரை வைத்துவிட்டு மிக்ஸியை எடுத்துக்கொண்டு போனான். மனித மனத்தை யார் கண்டது.

வாங்கி மீட்டினேன். சின்ன ஆம்ப்ளிஃபயர்தான், ஆனாலும் தெரிந்தது. ஒவ்வொரு சுரமும் சில்லென்று தனித்தனியாக வந்தது. பார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது, விட்டதும் சொன்ன பேச்சுக் கேட்டு வந்து நின்றது. ஐந்தாறு முறை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வந்தது.

"பின்னாலே ஸ்பிரிங் நரம் ஹை, மிருதுவானது" என்றார் கோவாக்காரர் கையைக் காட்டி. "ஜரா சம்பாலோ. கொஞ்சம் பக்குவமா வச்சிக்கோ."

பக்குவமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் வைத்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே பக்குவம் எது என்று மேலே சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் முழுக்கக் கிடார் ஏசிக்கு நேர் கீழே என் கட்டிலில் படுத்திருந்தது. நான் தரையில். ஏசி தூசி கக்கும் என்று அதற்குப் போர்வை வேறு போர்த்தியிருந்தோம். டியூட்டி முடிந்து வந்ததும் நான் கிடாரில், தவம் தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் டப்பாக்களில், எட்வின் பேஸில், சத்தம் வெளியே போகாமல் மெதுவாகப் பழகினோம். கிடார் ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை.

நடுவில் ஒருநாள் கேம்ப் பாஸ், அறைகளைக் கண்காணிக்கிறவர், வந்துவிட்டார். தட்டவே இல்லை, சாவி போட்டுத் திறந்தார். தவம் குளியலறையில் இருந்தான். கேம்ப் பாஸின் கண் நேரே என் கட்டிலுக்குப் போனது. போர்வைக்குள் யாரோ நீட்டிப் படுத்திருக்கிறார்கள்.

"ஏ கௌன் ஸோ ரஹா ஹை?" யார் தூங்குவது என்றார்.

அவர் போய்ப் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தார். கிடார். கொஞ்ச நேரம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிடார் கோ டண்ட் லக்தி ஹை க்யா?"

கிடாருக்குக் குளிருமா என்று கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தபடி போய்விட்டார். நாங்களும் சிரித்தோம். குளியலறைக் கதவைத் திறந்தபோது தவம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், அவன் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் கேம்ப் பாஸ் விளையாட்டாகக் கேட்டதற்குள்தான் பதில் இருந்தது. எங்களுக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். எட்வின் காரில் ஏசியை உச்சத்தில் வைத்து, காற்று வரும் துவாரத்தைக் கிடார் பக்கம் திருப்பிவிட்டான். தவம் பின்சீட்டில் அதை மடியில் வைத்திருந்தான். அவன் அவகாசத்தில் மிச்சம் இருந்த நாட்கள் கைவிரலுக்குள் அடங்கும். ஓட்டல் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து கடைசியாகச் சுருதி சேர்த்தேன். நறுக்கென்று நின்றது. கதவைத் திறந்தோம்.

என் கண்ணாடி வெளுத்தது. வழக்கம்தானே என்று சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்தேன். கண்ணாடிக்கு நேர்ந்தது கிடாருக்கும் நேரும் என்று அந்த நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. பகலெல்லாம் வெயிலில் விரிகிற இரும்பை அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான்!

மணலில் பலகை போட்டிருந்தார்கள். டிரம் செட், பழைய ஆம்ப்ளிஃபயர், எதிரே மேனேஜர், பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர். கடல் அசையாமல் கிடந்தது. முதல் வரி நன்றாக வந்தது. ஸ்பிரிங் எதிரொலி மணலில் உருண்டது. மேனேஜர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இரண்டாவது வரியில் ஏதோ இடறியது. எட்வின் என்னைப் பார்த்தான். மூன்றாவது வரியில் என் கிடார் அவனுடைய பேஸைவிட்டுத் தனியாக நடந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கழுத்தெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். கம்பிகள் நனைந்திருந்தன. விரல் வழுக்கியது. அந்த வாடை அப்போதுதான் முதல்முதலாக மூக்கில் ஏறியது.

முதல் கம்பியை முறுக்கினேன். பின்னால் இருந்த மிருதுவான ஸ்பிரிங்குகள் இழுபட்டு மற்ற ஐந்தும் இறங்கின. அவற்றை ஏற்றினேன், முதல் கம்பி இறங்கியது. வெயிலில் கம்பிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் தளர்ந்துகொண்டே இருந்தன. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவன்போல் நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன். எட்வின் நிறுத்திவிட்டான். தலைமை அலுவலகத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் மெதுவாகக் கையை உயர்த்தினார், போதும் என்று. முடிந்தது, கலாஸ், நான் ஒரு மனுஷனைக் கொண்டுபோய்ப் போரில் விடப்போகிறேன் என்று நினைத்தேன். வார்த்தை மாறாமல் அப்படித்தான் நினைத்தேன்.

தவம் நிறுத்தவில்லை.

மேனேஜரின் கையை அவன் பார்த்தான், எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கனத்த தோல்களில் மட்டும் அடித்தான். அது சிடியில் கேட்ட தாளமில்லை. அது தொட்டிக்குள் அடித்தது. அங்கே சுவர் திருப்பிக் கொடுத்ததையெல்லாம் இங்கே அவனே திருப்பி அடித்தான். எதிரொலி இல்லாத வெட்டவெளியில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியை எழுப்பி அதற்குள் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்தான். நிறுத்தினால் விமானம் என்பதுபோல் அடித்தான். உவமைக்காகச் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமும் அதுதான். சமையலறையிலிருந்து ஆட்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். மேனேஜரின் உயர்ந்த கை எப்போது கீழே வந்தது என்று நான் பார்க்கவில்லை.

அவன் அடித்த நேரத்தில் கிடார் ஊர் வெயிலுக்குப் பழகிவிட்டது. சட்டை நுனியால் கம்பிகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இந்தமுறை நின்றது. தவம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சேர்ந்துகொண்டோம். கடைசி வரியைச் சுத்தமாக வாசித்து, பாரை அழுத்தி, அந்தச் சுரத்தை நெளியவிட்டு முடித்தேன். சமையல்காரர்கள் கைதட்டினார்கள்.

மேனேஜர் நேரே என்னிடம் வந்தார். நல்ல மனுஷன், கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். முடிவில் நீ வாசித்தது அழகு, ஆனால் ஒவ்வொரு வாரமும் எந்தக் கிடார் வரும் என்று எனக்குத் தெரியாதே. மணிலாவிலிருந்து ஒரு குழு வருகிறது, அவர்களிடம் டிரம்மர் இல்லை. இவனை எடுத்துக்கொள்கிறேன்.

சந்தோஷத்தில் தவத்தைக் கட்டிக்கொண்டேன். அது உண்மை. காரில் திரும்பும்போது, மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, என் மடியில் அந்தக் கிடார் கிடக்க, எனக்குப் பொறாமையாக இருந்தது. அதுவும் உண்மை. தொட்டியை விட்டு வெளியே வரும் வழி எனக்கும் ஒன்று திறக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் நம்பியிருந்தேன். மறுநாள் தொட்டிக்குள் போய்ச் சுத்தியலால் தட்டினேன். சத்தம் சுற்றி வந்தது. மறுபக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

ஓட்டல் தவத்துக்கு விசா அடித்தது. அதில் தொழில், ரொட்டி சுடுபவர். வளைகுடாவில் விசாவுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருந்தால்தான் அதிசயம். "அண்ணை, பாண் சுடவும் தெரியாது, பாண் தின்னவும் பிடிக்காது" என்று சிரித்தான். மூன்று வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணலில் வாசித்தான். சண்டையின் கடைசி மாதங்களில், ஊரில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தபோதும் வாசித்தான்; நான் போய் மணலில் உட்கார்ந்திருப்பேன். சண்டை முடிந்து ரொம்ப நாள் கழித்து, அம்மா ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று தகவல் வந்தது. வீடு இல்லை. அவனோடு படித்தவர்களில் யார் யார் இல்லை என்று அவன் சொல்லத் தொடங்கினான், பாதியில் விட்டுவிட்டான்.

"அண்டைக்கு உங்கட கிற்றார் சுருதி பிசகாட்டி, என்னை ஆர் அண்ணை பாத்திருப்பினம்?" என்றான் பிறகு. சிரித்து வைத்தேன்.

அந்த ஓட்டலை இடித்துவிட்டார்களாம், இப்போது கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது என்று எட்வின் ஒருமுறை எழுதினான். எட்வினும் பிறகு எழுதுவதில்லை. நான் கிளம்பிய நாளில் என் சாமான்களிலும் விலைச்சீட்டு ஒட்டினேன், கிடாரைத் தவிர. ஊருக்குக் கொண்டுவந்தேன், எங்கள் கரைக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் அதன் ஸ்பிரிங்குகளைத் தின்றுவிட்டது. இங்கே ஏசி இல்லை.

தவம் கடைசியில் எங்கோ பனி பெய்கிற ஒரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டான். அங்கிருந்து ஒருநாள் போன் பண்ணினான். அவனும் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தான்.

"இஞ்ச எல்லாம் மறுவளம் அண்ணை. வெளிய வரேக்க கண்ணாடி வடிவாத் தெரியுது. வீட்டுக்குள்ள போகேக்கதான் மறைக்குது. வாசல்லயே நிண்டு, வெளிக்கிற மட்டும் பாத்துக்கொண்டு நிப்பன். அம்மா உள்ள இருந்து கூப்பிடுவா, ஏன்டா நிக்கிறாய் எண்டு."

அதுதான் கடைசிப் பேச்சு. அந்த எண்ணுக்கு அடித்தால் இப்போது அப்படி ஓர் எண்ணே இல்லை என்று ஒரு பெண் அந்நிய பாஷையில் சொல்கிறாள். அதனால்தான் அன்று கடற்கரையில் நானும் துடைக்காமல் நின்றேன். வெள்ளை ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்தது. முதலில் மணல், பிறகு அலை, பிறகு மருமகனின் கார்.

"இன்னும் என்ன நிக்கிய?" என்றாள் மனைவி.

"இந்தா வந்துட்டேன்" என்றேன்.